ஏன் திரும்பி வந்தே?

அமெரிக்காவிலிருந்து வந்த பிறகு நீலகிரியில் எங்கள் சேரம்பாடி, கொளப்பள்ளி, பந்தலூர்ப் பக்கம் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது இதைத்தான்: "ஏம்மா திரும்பி வந்துட்டே?" கேட்கிறவர்கள் குரலில் பொறாமையும் இல்லை, கேலியும் இல்லை. நிஜமான வருத்தம் இருக்கிறது. என்னோடு பள்ளிக்கூடம் போனவளின் அம்மா பஸ் ஸ்டாண்டில் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கனயே ஒரு வேலையப் பாத்துக்கிட்டு இருந்திருக்கலாமே கண்ணு" என்றார். ஃபெல்லோஷிப் ஒன்பது மாதம்தான், முடிந்ததும் வந்துவிடுவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனேன் என்று விளக்கினால், "கையெழுத்து எல்லாரும்தான் போடுறாங்க" என்று பதில் வருகிறது. போவதற்கு முன்னால், நேர்காணல் நடத்தியவர்கள் இதே விஷயத்தை மறுபக்கத்திலிருந்து கேட்டார்கள். நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று எதை வைத்து நம்புவது என்று. அவர்களுக்குச் சொன்ன பதில் எனக்கு நினைவிருக்கிறது. ஊர்க்காரர்களுக்குச் சொல்ல ஒழுங்கான பதில் இன்னும் அமையவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எங்கள் கல்லூரியில் சிலர் இந்த வருடம் விண்ணப்பிக்க முனைந்திருக்கிறார்கள், அவர்களுக்கும் இது உதவலாம்.

நான் போனது அமெரிக்க அரசின் கல்விப் பரிமாற்றத் திட்டமான ஃபுல்பிரைட்டின் ஒரு கிளையில். எஃப்.எல்.டி.ஏ. (ஃபாரின் லாங்குவேஜ் டீச்சிங் அசிஸ்டன்ட்) என்பார்கள். 21 முதல் 29 வயது வரை உள்ள இளம் ஆசிரியர்கள் ஒரு கல்வியாண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் தங்கள் மொழியைக் கற்பிக்க வேண்டும், கூடவே அங்கே சில பாடங்களைப் படிக்கவும் வேண்டும். பட்டம் கிடையாது. செலவு அமெரிக்க வெளியுறவுத் துறையுடையது. பரிமாற்றத் திட்டங்களில் போகிறவர்களுக்கான ஜே-1 விசா. அரசுப் பணத்தில் அந்த விசாவில் போகிறவர்கள் மொத்தம் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருந்த பிறகுதான் ஹெச்-1பி போன்ற வேலை விசாவோ கிரீன் கார்டோ கேட்க முடியும். சுற்றிப் பார்க்கப் போவதற்குத் தடை இல்லை. ஃபுல்பிரைட்டில் போகும் பலர் இந்த இரண்டு வருட நிபந்தனையைத் தண்டனையைப் போலப் பேசுவார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டதால் இடம் பெயர்ந்தவர்கள் நாங்கள். 1964 அக்டோபர் 30-ல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கையில், பெரும்பாலும் மலைநாட்டுத் தோட்டங்களில், நாடற்றவர்களாக நின்ற இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். அந்த மீதியை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். வெளியூர் நண்பர்கள் படிப்பார்கள் என்பதால் சொன்னேன். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசு தொடங்கியதுதான் இன்று டேன்டீ என்று அழைக்கிற தேயிலைத் தோட்டங்கள். எங்கள் அப்பா சின்னப் பையனாகக் கப்பலில் வந்தவர். நான் இங்கே பிறந்தேன்.

வேறு வழி இல்லையா என்றால்

நான் முதலில் நினைத்தது எஃப்.எல்.டி.ஏ.வை அல்ல. வெளிநாட்டில் முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்க மத்திய சமூகநீதி அமைச்சகம் தருகிற தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது. ஆண்டுக்கு 125 இடம், பெரும்பகுதி பட்டியல் சாதி மாணவர்களுக்கு, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். எங்களைப் போன்ற குடும்பங்களுக்காகவே செய்த திட்டம். ஆனால் எனக்கு இரண்டு இடத்தில் இடித்தது. ஒன்று, சாதிச் சான்றிதழ். தாயகம் திரும்பியோர் குடும்பங்களில் இது பழைய நோவு. தாத்தா எந்த மாவட்டத்தில் எந்தக் கிராமம் என்று கேட்பார்கள். தாத்தாவின் தாத்தா திருச்சிப் பக்கம் எங்கிருந்தோ போனவர், ஊர்ப் பெயர் வாய்வழியாக வந்ததுதான், எழுத்தில் எதுவும் இல்லை. நான் போன அலுவலகத்தில் கோப்பு மேசை மேசையாகப் போய்க்கொண்டே இருந்தது. இன்னொன்று, படிக்க நினைத்த பொருள். மலையகத் தமிழர் இடப்பெயர்வின் வரலாற்றைத்தான் ஆராய விரும்பினேன். 2022-ல் திருத்திய விதிகளில் இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றுக்கு அந்த உதவித்தொகை கிடையாது என்று எழுதிவிட்டார்கள். இந்தியாவைப் பற்றி இந்தியாவிலேயே படிக்கலாமே என்பது அவர்கள் வாதம். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை தன் சமூகத்தைக் கொஞ்சம் தூரத்தில் நின்று, நல்ல நூலகத்தின் துணையோடு பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் என்ன தப்பு? வசதியான வீட்டுப் பிள்ளைகள் சொந்தக் காசில் போய் அதையேதான் படிக்கிறார்கள். இந்த விதி மாற வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

எஃப்.எல்.டி.ஏ.வுக்குச் சாதிச் சான்றிதழ் தேவையில்லை. வயது, ஆங்கிலம், கற்பித்த அனுபவம், மூன்று பரிந்துரைக் கடிதங்கள், நாமே எழுதும் கட்டுரைகள், அப்புறம் நேர்காணல். அப்போது நான் ஒரு கல்லூரியில் ஆங்கிலத் துறையில் கௌரவ விரிவுரையாளர். இன்றும் அதே வேலைதான்.

விண்ணப்பத்தில் ரொம்ப அலைக்கழித்தது பரிந்துரைக் கடிதம்தான். மூத்த ஆசிரியர் ஒருவரிடம் போய் நின்றேன். நல்ல மனிதர், என் மேல் அக்கறை உள்ளவர். "நீயே எழுதிட்டு வாம்மா, நான் பாத்து அனுப்பிடறேன்" என்றார். நம் கல்லூரிகளில் இது நடைமுறை, யாரும் இதைத் தவறாக நினைப்பதில்லை. ஆனால் இந்த மாதிரி விண்ணப்பங்களில் கடிதத்தை எழுதுகிறவர்தான் நேரடியாக இணையத்தில் ஏற்றுகிறார், மாணவர் அதைப் பார்க்க வேண்டியதே இல்லை. அவர்கள் தேடுவது இந்தப் பெண் வகுப்பில் என்ன செய்தாள் என்று பக்கத்திலிருந்து பார்த்தவருடைய சாட்சி. "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், பணிவானவர்" என்ற நன்னடத்தைச் சான்றிதழ் வரிகள் அங்கே எடுபடாது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? மெல்ல, "சார், போன வருஷம் நான் செகண்ட் இயர் பிள்ளைங்களுக்கு எடுத்த அந்த ஒரு கிளாஸுக்கு நீங்க வந்து பின்னாடி உக்காந்தீங்களே, அத மட்டும் எழுதுங்க சார்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். ஒரு பக்கம் அவரே எழுதினார். அதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை, ஆனால் நேர்காணலில் அந்த வகுப்பைப் பற்றிக் கேட்டார்கள்.

இன்னொரு ஆலோசனை எல்லோரும் தந்தார்கள்: "நீலகிரின்னு வருதில்ல, தோடர்களப் பத்தி எழுது. படுகர் ஆட்டம், கோத்தர் இசை, ஊட்டி ரயிலு இதெல்லாம் போடு. வெள்ளக்காரனுக்குப் புடிக்கும்." பிடிக்கும்தான். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையைத் தொடங்கிய எமனோ 1930-களில் இந்த மலைக்கு வந்து வருடக் கணக்கில் தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டு எழுதிக்கொண்டு போனவர். அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் தோடர்கள் தோடர்களைப் பற்றிச் சொல்லட்டும். நான் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவள். அவர்கள் வாழ்க்கையை என் விண்ணப்பத்துக்கு அலங்காரமாக எடுத்துக்கொள்ள எனக்கு எந்த உரிமையும் இல்லை. கட்டுரையில் நீலகிரி என்று ஒரு முறைதான் எழுதினேன். பிறகெல்லாம் பந்தலூர் தாலுகாதான்.

அப்பாயி கேட்டது

கட்டுரைகளில் ஒன்று, திட்டம் முடிந்து வந்த பிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்பது. எல்லோரும் எழுதுவதையே நானும் எழுதி வைத்திருந்தேன். தாய்நாட்டுக்குத் திரும்பி, பெற்ற அறிவை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்ப்பேன், இரு நாடுகளுக்கும் பாலமாக இருப்பேன் என்கிற மாதிரி. அன்றைக்கு இராத்திரி நல்ல மழை. ஆனி ஆடியில் எங்கள் பக்கம் பெய்கிற மழைக்குக் கரண்ட் இருக்காது, நெட்வொர்க்கும் இருக்காது. வீட்டில் ஒரு மூலையில்தான் சிக்னல் வரும், அதுவும் பாதி நேரம் கேரளா டவர். அப்பாயி, அப்பாவின் அம்மா, பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. என்ன எழுதுறே என்று கேட்டது. தமிழில் சொல்லிக் காட்டினேன்.

"திரும்பி வருவேன்னு எழுதுறியே, எந்த எடத்துக்கு வருவேன்னு கேக்க மாட்டாங்களா?" என்றது.

இந்தியாவுக்குத்தான் அப்பாயி, அவங்களுக்கு அது போதும் என்றேன். அப்போதுதான் அது அந்தக் கதையைச் சொன்னது. துண்டு துண்டாக முன்பே கேட்டிருக்கிறேன். அன்று முழுசாகச் சொன்னது. இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரே லயத்தில் (தோட்டத்து லைன் வீடு) பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் (அறையில்) அப்பாயியும் அதன் அக்காவும். எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று பாரம் எழுதிக் கொடுக்கச் சொன்னபோது தாத்தா இந்தியா என்று எழுதினார். அக்காவின் வீட்டுக்காரர் சிலோன் என்று எழுதினார். "ரெண்டு பேருக்கும் சண்ட ஒண்ணுமில்ல. ஒரு வாரமா பேசிப் பேசிப் பாத்தாங்க. இவரு அவங்க தாத்தா சொன்ன ஊரு இருக்கும், ஒறவுக்காரங்க இருப்பாங்கன்னு நம்புனாரு. அவரு இந்த மண்ணுலதான பொறந்தோம்னாரு." பாஸ்போர்ட் கண்டியிலிருந்து வந்தது. குடும்ப அட்டை வந்தது. கோச்சி (ரயில்) நெடுக ஒப்பாரி. தலைமன்னாரில் கப்பல், இராமேஸ்வரத்தில் இறக்கம், மண்டபம் முகாம். அங்கே இருந்த அதிகாரி நீலகிரி என்று எழுதிக் கொடுத்தார். திருச்சிப் பக்கத்து ஊரை இவர்கள் பார்க்கவே இல்லை. "இந்தியான்னு எழுதுனோம். இந்தியாவுல எங்கன்னு நாங்களும் எழுதல, அவங்களும் கேக்கல. வந்து எறங்கின அன்னைக்கு ராவெல்லாம் ஒங்க தாத்தா தூங்கல. மறுபடியும் தேயிலதான், மறுபடியும் மழதான். அப்ப எதுக்குடி வந்தோம்னு கேட்டாரு." அக்காவை அப்பாயி அதற்குப் பிறகு பார்க்கவில்லை. சில கடிதங்கள் வந்தன, 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு அதுவும் நின்றுபோனது.

நான் எழுதி வைத்திருந்ததை அழித்தேன். அழிக்கும்போது கோபமாக இருந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. தாய்நாடு என்று எழுதுவது எவ்வளவு சுலபம்! எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை அந்தச் சொல்லை நம்பிக் கப்பலேறியிருக்கிறது. பிறகு எழுதியது இப்படி: கூடலூரிலும் பந்தலூரிலும் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளும் பழங்குடிப் பிள்ளைகளும் கல்லூரிக்கு வருகிற முதல் தலைமுறை. தமிழில் தெளிவாகப் பேசுகிற பிள்ளை ஆங்கில வகுப்புக்குள் வந்ததும் வாய் மூடிவிடுகிறது. வேறு மொழி பேசுகிறவர்களுக்கு என் மொழியை முதல் எழுத்திலிருந்து கற்பிக்கப் பழகினால், மொழி தெரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருப்பதன் பயம் எனக்கு உள்ளிருந்து புரியும். அந்தப் பழக்கத்தோடு இந்தக் கல்லூரிக்கு, இந்த வகுப்புக்கு வருவேன். கல்லூரிப் பெயர், பாடத்தின் பெயர், சனிக்கிழமை பந்தலூரில் நான் நடத்துகிற வகுப்பு நடக்கும் இடம், எல்லாம் எழுதினேன். 'தாய்நாடு' எங்கும் வரவில்லை.

நேர்காணலில் அந்தப் பத்தியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர், அந்த வேலை ஒப்பந்த வேலைதானே, நீங்கள் திரும்பும்போது இருக்குமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. இருக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வேலை இல்லாவிட்டாலும் சனிக்கிழமை வகுப்பு இருக்கும், அது யாரும் கொடுத்தது இல்லை என்றேன். எதை வைத்து நம்புவது என்று அப்போதுதான் கேட்டார்கள். எங்கள் குடும்பம் ஒரு தடவை இடம் தெரியாமல் திரும்பி வந்த குடும்பம், நான் இடம் தெரிந்து திரும்புவேன் என்று சொன்னேன். யாரும் உடனே ஒன்றும் பேசவில்லை. அடுத்த கேள்வி இலக்கணத்தைப் பற்றி.

அங்கே இருந்த காலத்தைப் பற்றி வேறொரு முறை எழுதுகிறேன். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் அங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளைகள். ஒரு பையன் சொன்னான், அவன் அப்பா அவனுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அடுத்த வருடம் இந்தியா போய்விடுவோம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். வீட்டில் சில பெட்டிகளைப் பிரிக்கவே இல்லையாம். அந்த அப்பாவை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவரைப் பற்றி அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சட்டம் கேட்பதும் ஊர் கேட்பதும்

இப்போது ஊர்க்காரர்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டு வருட நிபந்தனை நியாயம் என்றே நினைக்கிறேன். 1946-ல் செனட்டர் ஃபுல்பிரைட் கொண்டு வந்த சட்டம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் வெளிநாடுகளில் கிடந்த அமெரிக்க இராணுவத்தின் உபரிப் பொருட்களை விற்ற பணத்தில் தொடங்கியது. மக்கள் போக வேண்டும், வர வேண்டும், கண்டதைச் சொல்ல வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. 1950 பிப்ரவரி 2-ல் நேருவும் அமெரிக்கத் தூதர் லாய் ஹெண்டர்சனும் அந்த ஒப்பந்தத்தை இங்கே கொண்டு வந்தார்கள். 2008-லிருந்து இந்திய அரசும் சமபங்கு போடுகிற ஃபுல்பிரைட்-நேரு ஃபெல்லோஷிப்கள் வந்தன. பொதுப் பணம். போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டால் அனுப்பிய இடத்துக்கு என்ன கிடைக்கும்?

ஆனால் சட்டம் கேட்பது நாட்டை மட்டும். பெங்களூரில் இரண்டு வருடம் இருந்தாலும் கணக்கு நேராகிவிடும். பந்தலூருக்கு வரச் சொல்லி எந்தச் சட்டமும் கேட்கவில்லை, பந்தலூரில் திரும்பி வருகிறவர்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை. வெளிநாட்டில் மொழி கற்பித்துவிட்டு வந்தவளுக்கும் போகாதவளுக்கும் அரசுக் கல்லூரியில் ஒரே ஒப்பந்தம்தான், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். தோட்டத்திலோ வீடு வேலையோடு ஒட்டியது, வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 2022-ல் டேன்டீ நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கும் மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. காடு வளரட்டும், யானைகளுக்கு வழி வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தத் தேயிலைக்காகவே கப்பலில் கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் எங்கே நிற்பது என்பதற்கு நிலக் கணக்கில் ஒரு வரிகூட எழுதவில்லை. இதையெல்லாம் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதால்தான் அந்த அம்மா பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிழைக்க வழி உள்ள இடத்தில் இருந்திருக்கலாமே என்கிறார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அவருக்கு என் பதில், நான் இங்கே இருக்க விரும்புகிறேன் என்பதுதான். கடமைக்காக வரவில்லை. சனிக்கிழமை வகுப்பில் வாய் திறக்காமல் இருந்த ஒரு பிள்ளை இப்போது எழுந்து நின்று கேள்வி கேட்கிறது, அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது. தாத்தாவுக்கு வாய்க்காத ஒன்று எனக்கு வாய்த்திருக்கிறது. இந்த இடத்தை நானே தேர்ந்தெடுத்தேன்.

விண்ணப்பிக்க நினைக்கிறவர்களுக்கு: அந்த வகுப்பில் பணியர் சமூகத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள், இளங்கலை கடைசி வருடம். பழங்குடியினர் நல அமைச்சகத்தின் வெளிநாட்டு உதவித்தொகை மொத்தம் 20 பேருக்கு. அதில் 3 இடம் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளுக்கு, அதுவும் இந்தியா முழுமைக்கும். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் உள்ள ஆறு பிரிவினரும் நம் மாவட்டத்தில் வாழ்கிறவர்கள்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். அவள் முதுகலைக்கு முயல வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன், அவளும் இருக்கிறாள். இப்போதைக்குப் பாஸ்போர்ட் வேலை. ஆதாரில் ஒரு பெயர், டி.சி.யில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், பிறகு கோயம்புத்தூர் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அவளுக்கு மூன்று பரிந்துரைக் கடிதங்கள் தேவைப்படும், இரண்டுக்கு ஆள் இருக்கிறது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இருக்கும் கல்லூரி ஆசிரியர்களில் யாராவது அவளுடைய சனிக்கிழமை வகுப்புக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்து, பார்த்ததை அப்படியே எழுதித் தர முடியுமென்றால் தயவுசெய்து வாருங்கள். காலை பத்து மணிக்குத் தொடங்கும், யானை மறித்து பஸ் தாமதமானால் பத்தரை.